அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மலம் சம்பந்தப்பட்ட விஷயம் என்றாலே சுற்றி வளைத்து எழுதுவார்கள், நீங்கள் அப்படிச் செய்யாமல் நேராக எழுதியிருந்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் கட்டுரையின் பெரும்பகுதி சாப்பாட்டைப் பற்றியே போய்விட்டது. பரிசோதனைக்குக் கிடைத்தது கடைசியில் ஒரே வரி, அதுவும் அறிகுறிகள் தெரிந்தால் மருத்துவரை அணுகிப் பரிசோதித்துக்கொள்ளவும் என்று. அந்த வரியோடுதான் எனக்குச் சண்டை.

நான் எண்டோஸ்கோப்பி பிரிவில், அதாவது உடம்புக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் இடத்தில், பல வருடம் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். டாக்டர் இல்லை, அதனால் ஆபரேஷன், கீமோ பற்றியெல்லாம் பேசப்போவதில்லை. எனக்குத் தெரிந்தது ஸ்கிரீனிங். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதபோது, நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது செய்து பார்ப்பதுதான் அது. அறிகுறி வந்த பிறகு செய்வது வேறு, அப்போது நோயைத் தேடுகிறோம். இரண்டையும் ஒரே வரியில் போட்டுக் கலக்கினால் வாசகர் என்ன நினைப்பார்? எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, எனக்கு எதற்கு என்றுதான் நினைப்பார்.

இந்த ஒரு புற்றுநோயில் ஏன் இவ்வளவு அடம் பிடிக்கிறேன் என்றால், புற்றுநோயாக ஆவதற்கு முன்பே எடுத்து எறிய வாய்ப்புக் கொடுக்கும் நோய்கள் அதிகம் இல்லை, இது அப்படிப்பட்டது. பெரும்பாலும் இது பாலிப்பில்தான் தொடங்குகிறது. சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலின் உள்சுவரில் எங்காவது ஒரு சின்னப் புடைப்பு, சிலது தட்டையாகப் படர்ந்திருக்கும், சிலது காம்பு வைத்த காளான் போல எழும்பி நிற்கும். அதில் அடினோமா என்கிற வகைதான் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. எல்லா அடினோமாவும் புற்றுநோயாக மாறிவிடாது, கொஞ்சம்தான் மாறும், ஆனால் எது மாறும் எது மாறாது என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது, அதனால் கண்ணில் பட்டதை எடுத்துவிடுவதுதான் முறை. மாறுவதற்குச் சாதாரணமாக 10 வருடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகிறது. ஏன் இவ்வளவு காலம் என்பதற்கு ஃபியரான், வோகல்ஸ்டைன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1990இல் விளக்கம் கொடுத்தார்கள். ஒரே நாளில் செல் கெட்டுப்போவதில்லை, ஏபிசி, கேராஸ், பி53 என்று ஒரு மரபணுவுக்குப் பின் இன்னொன்றாகப் பழுதாகிப் பழுதாகித்தான் அந்தப் புடைப்பு புற்றாகிறது. அந்தப் 10 வருடம் முழுக்க ஆளுக்குப் பெரும்பாலும் வலி இருக்காது, எதுவும் இருக்காது. அறிகுறிக்காகக் காத்திரு என்று நாம் சொல்வது அந்தப் 10 வருடத்தையும் வீணடி என்று சொல்வதுதான்.

எடுப்பது எப்படி என்று பார்த்தவர்கள் குறைவு, அதனால் சொல்கிறேன். கொலனோஸ்கோப்பி குழாய் விரல் பருமன்தான் இருக்கும், நுனியில் கேமராவும் விளக்கும், உள்ளே கருவிகள் போக ஒரு மெல்லிய வழியும் உண்டு. நோயாளி இடது பக்கம் சாய்ந்து முழங்காலை மடக்கிப் படுத்திருப்பார், பெரும்பாலும் மயக்க ஊசியில் அரைத்தூக்கம். குழாயைக் குடலின் கடைசி வரை கொண்டுபோய்விட்டு, திரும்ப இழுத்து வரும்போதுதான் டாக்டர் நிதானமாகப் பார்ப்பார், மடிப்பு மடிப்பாக விலக்கி. பாலிப் கண்ணில் பட்டதும் அந்த வழியாக ஒரு கம்பிச் சுருக்கை விடுவார்கள், சுருக்கு விரிந்து பாலிப்பின் அடியில் போய் உட்காரும், நான் கைப்பிடியை மெதுவாக இறுக்குவேன், தேவைப்பட்டால் மின்சாரம் கொடுத்து அறுப்பார்கள். திரையில் ஒரு வெளுத்த புள்ளி தெரியும், அவ்வளவுதான். குடலின் உள்பக்கத்தில் வலி தெரியும் நரம்பு இல்லாததால் அறுப்பது நோயாளிக்குத் தெரியாது. எடுத்த துணுக்கு ஃபார்மலின் பாட்டிலில் விழுந்து பயாப்ஸிக்குப் போகும். 1969இல் நியூயார்க்கில் ஷின்யா, வுல்ஃப் என்ற இரண்டு டாக்டர்கள் இந்தச் சுருக்கு முறையைத் தொடங்கும்வரை இதற்குப் பெரும்பாலும் வயிற்றைக் கிழித்தாக வேண்டியிருந்தது.

பலன் இருக்கிறதா என்றால் இருக்கிறது. அடினோமா எடுக்கப்பட்டவர்களை அமெரிக்காவில் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், எதிர்பார்த்ததைவிட இந்தப் புற்றுநோய் மரணம் 53 சதவீதம் குறைந்திருந்தது. எல்லாருக்கும் கொலனோஸ்கோப்பி செய்யாமல் வருடா வருடம் மலத்தில் ரத்தம் பார்த்ததற்கே, மினசோட்டா மாநிலத்தில் நடந்த பெரிய ஆய்வில் 33 சதவீதம் மரணம் குறைந்தது, அது 1993இலேயே வெளிவந்துவிட்டது.

எதிர்த்துப் பேச விரும்புகிறவர்கள் 2022இல் வந்த நோர்டிக் என்ற ஐரோப்பிய ஆய்வைக் காட்டுவார்கள். கொலனோஸ்கோப்பிக்கு அழைக்கப்பட்டவர்களிடம் 10 வருடத்தில் புற்றுநோய் 18 சதவீதம்தான் குறைந்தது, மரணத்தில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை என்பது உண்மைதான். ஆனால் அழைக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர்தான் வந்து செய்துகொண்டார்கள், வராதவர்களையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. மருந்தைக் குடிக்காதவரையும் குடித்தவர் கணக்கில் சேர்த்தால் எந்த மருந்தும் சுமாராகத்தான் தெரியும். தலைப்பை மட்டும் படித்துவிட்டு கொலனோஸ்கோப்பி வேஸ்ட் என்று பகிர்ந்தவர்கள் எத்தனை பேரோ.

சரி, எல்லாருக்கும் குழாய் விட வேண்டுமா? வேண்டியதில்லை. ஃபிட் என்று ஒரு மலப் பரிசோதனை இருக்கிறது, உங்கள் கட்டுரையில் அதன் பெயர்கூட இல்லை. வீட்டிலேயே செய்யலாம். சின்ன பிளாஸ்டிக் குப்பி, மூடியோடு சேர்ந்த ஒரு குச்சி, குச்சியின் நுனியில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். மலம் தண்ணீரில் விழாதபடி காகிதத்திலோ கிண்ணத்திலோ பிடித்து, குச்சியை அதன் மேல்பரப்பில் நாலைந்து இடத்தில் கீறி, திரும்பக் குப்பிக்குள் செருகி மூடினால் முடிந்தது. பள்ளத்தில் ஒட்டிய அளவு போதும், நிறைய எடுத்தால் நல்லது என்று அள்ளிப் போடக் கூடாது. தேதி எழுத மறக்காதீர்கள், தேதி இல்லாத குப்பியை லேபில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தை, அதுவும் மனித ரத்தத்தை மட்டும், இந்த டெஸ்ட் கண்டுபிடிக்கும். பழைய டெஸ்ட்டில் இறைச்சி சாப்பிட்டிருந்தால்கூடத் தப்பாகக் காட்டும், பத்தியம் இருக்க வேண்டும், இதில் அந்தத் தொல்லை இல்லை. இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு 2 வருடத்துக்கு ஒருமுறை இந்தக் குப்பி தபாலிலேயே வீட்டுக்கு வருகிறது.

இதிலும் குறை உண்டு. புற்றுநோய் இருக்கும் 100 பேரில் ஒரு தடவை டெஸ்ட்டில் சுமார் 79 பேரைத்தான் பிடிக்கும். ரத்தம் கசியாத பாலிப் பெரும்பாலும் தப்பிவிடும். அதனால்தான் ஒரு தடவை நார்மல் என்று வந்ததும் தூக்கிப் போடாமல் வருடா வருடமோ 2 வருடத்துக்கு ஒருமுறையோ செய்யச் சொல்கிறார்கள். அப்புறம் இன்னொரு விஷயம், இதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். ஃபிட் பாசிட்டிவ் வந்தால் அடுத்தது கொலனோஸ்கோப்பிதான், இன்னொரு ஃபிட் இல்லை. இரண்டாவது தடவை நெகட்டிவ் வந்துவிட்டால் நிம்மதி என்று மறுபடி மறுபடி செய்து பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் இழுத்தடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ரத்தம் எல்லா நாளும் கசிவதில்லை, எனவே இரண்டாவது நெகட்டிவுக்கு ஒரு மதிப்பும் இல்லை. பாசிட்டிவ் என்றதும் இடிந்து போகவும் வேண்டாம், பாசிட்டிவ் வந்தவர்களில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருக்காது, பாலிப்போ மூலமோ இருக்கலாம்.

மூலம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. மலத்தோடு ரத்தம் போனால் நம் ஆட்கள் தாங்களே டாக்டராகி, சூடு, மூலம் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். நாலு மாதம் களிம்பு, நாலு மாதம் கைவைத்தியம். மூலம் ஏராளமானவர்களுக்கு இருக்கிறது என்பது உண்மை, ஆனால் மூலம் இருப்பவருக்குப் புற்றுநோய் வராது என்று யார் சொன்னது? இரண்டும் ஒரே ஆளுக்கு இருந்ததை அந்தத் திரையில் பார்த்திருக்கிறேன். ரத்தம் சிவப்பாகச் சொட்டினால் மூலம், கலந்து வந்தால் புற்று என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், அதை நம்பி வீட்டில் உட்கார வேண்டாம், மலக்குடலில் உள்ள கட்டியும் பளிச்சென்ற சிவப்பில்தான் ரத்தம் விடும். ரத்தம் கண்ணால் பார்த்தவருக்கு ஃபிட் கிட் வாங்கி ஸ்கிரீனிங் செய்துகொள்கிறேன் என்ற பேச்சே கிடையாது, நேரே டாக்டரிடம் போக வேண்டும். மலம் போகும் வழக்கம் திடீரென்று மாறி வாரக்கணக்கில் அப்படியே இருந்தாலும், போய்விட்டு வந்தும் மிச்சம் இருப்பது போலவே இருந்தாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும் அதே கதைதான்.

குடலின் வலது பக்கத்துக் கட்டி இன்னும் மோசமாக ஏமாற்றும். அங்கே குடல் அகலம், மலமும் நீர்த்திருக்கும், அடைப்பு சீக்கிரம் வராது. கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்து வெளியே வருவதற்குள் மலத்தோடு கலந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. ஆளுக்குத் தெரிவதெல்லாம் களைப்பு, மாடி ஏறினால் மூச்சு வாங்குவது. ரத்தம் சோதித்தால் ஹீமோகுளோபின் குறைவு, இரும்புச்சத்து குறைவு. இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், மாத்திரையில் அளவும் ஏறும், எல்லாரும் சந்தோஷம். ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்துக் குறைவு ரத்தசோகை வந்தால் ரத்தம் எங்கே போகிறது என்று குடலைப் பார்த்தே ஆக வேண்டும். மாத்திரை சாப்பிடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, கேள்வியையும் கேட்கட்டும் என்கிறேன்.

எந்த வயதில் தொடங்குவது என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. பல இடங்களில் 50. அமெரிக்காவில் 2021 முதல் 45 என்று இறக்கிவிட்டார்கள், காரணம் இளையவர்களுக்கு இது கூடிக்கொண்டு வருகிறது. 1950ஐ ஒட்டிப் பிறந்தவர்களோடு ஒப்பிட்டால் 1990ஐ ஒட்டிப் பிறந்த அமெரிக்கர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து இரண்டு மடங்கு, மலக்குடல் புற்றுநோய் ஆபத்து நான்கு மடங்கு என்று 2017இல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். நடிகர் சாட்விக் போஸ்மன் 2020இல் இதில்தான் இறந்தார், வயது 43. அதனால் 30 வயதுக்காரர் ரத்தம் போகிறது என்று வந்தால் இந்த வயதில் அதெல்லாம் வராது என்று அனுப்பிவிடுவது இனிமேல் சரிப்படாது.

குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் கணக்கே வேறு. பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளை இவர்களில் ஒருவருக்கு வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு எந்த வயதில் கண்டுபிடித்தார்களோ அதற்கு 10 வருடம் முன்பு, எது முதலில் வருகிறதோ அப்போதே கொலனோஸ்கோப்பி தொடங்க வேண்டும். அண்ணனுக்கு 42இல் என்றால் தம்பி 32இல். மொத்த நோயாளிகளில் 100க்கு 3 பேர் போல லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறு உள்ளவர்கள், அவர்களுக்கு இன்னும் சீக்கிரமே தொடங்கி 1 அல்லது 2 வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள், அந்தக் குடும்பத்துப் பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் ஆபத்தும் அதிகம். ஆனால் எங்கள் பிரிவில் குடும்பத்தில் யாருக்காவது என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. தாத்தா வயிற்றுக்கோளாறில் போனார் என்பார்கள். அது என்ன வயிற்றுக்கோளாறு என்று வீட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதியதில் தப்பு எதுவும் இல்லை. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் அறிவித்தது, தினம் 50 கிராம் சாப்பிட்டால் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடுகிறது. மது, புகை, உடல் பருமன், உட்கார்ந்தே இருப்பது, எல்லாம் ஆபத்தைக் கூட்டும், நார்ச்சத்தும் நடையும் குறைக்கும். செய்ய வேண்டியதுதான். ஆனால் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தவர்களும் எங்கள் மேஜையில் படுத்திருக்கிறார்கள். வாழ்க்கைமுறை ஆபத்தைக் குறைக்கும், ஏற்கெனவே முளைத்த பாலிப்பை உதிர்க்காது. குடலைக் கழுவும் பொடி, நச்சு நீக்கும் பானம் எதுவும் உதிர்க்காது (உங்கள் கட்டுரைக்குக் கீழேயே அப்படி ஒரு விளம்பரம் இருந்தது, அது உங்கள் விளம்பரப் பிரிவின் வேலை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்). ரத்தத்தில் சிஇஏ என்ற புரதத்தின் அளவைப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. போதாது. புற்றுநோய் என்று உறுதியானவர்களுக்கு சிகிச்சைக்குப் பிறகு கண்காணிக்கத்தான் அது, ஆரம்பநிலையில் பலருக்கு நார்மலாகவே இருக்கும்.

பயத்தைப் பற்றி நாலு வார்த்தை. பரிசோதனையைவிட முந்தைய ராத்திரிதான் கஷ்டம், அதை மறைத்து ஒன்றும் ஆகாது. பேதி மருந்து கலந்த தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும், உப்பும் இனிப்புமாக ஒரு மாதிரி இருக்கும், குளிர வைத்துக் குடித்தால் இறங்கும். பாதி முந்தைய மாலை, மீதி மறுநாள் காலை என்று பிரித்துக் குடிப்பதுதான் இப்போது முறை, அதில்தான் குடல் நன்றாகச் சுத்தமாகிறது. கடைசியில் வெளியே வருவது தெளிந்த மஞ்சள் நீராக இருக்க வேண்டும். கலங்கலாக இருக்கும்போதே போதும் என்று நிறுத்திவிட்டு வருகிறவர்களால் எங்களுக்குத் திண்டாட்டம், மிச்சம் இருக்கும் அழுக்குக்கு அடியில் தட்டையான பாலிப் ஒளிந்துகொள்ளும், திரும்பவும் எல்லாம் முதலிலிருந்து. சர்க்கரை மருந்தோ ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தோ சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆபத்தே இல்லையா என்றால் இருக்கிறது. ஸ்கிரீனிங் கொலனோஸ்கோப்பியில் 10,000 பேரில் சுமார் 3 பேருக்குக் குடலில் ஓட்டை விழலாம், சுமார் 15 பேருக்குப் பெரிய ரத்தக்கசிவு வரலாம், பாலிப் எடுத்தவர்களுக்குத்தான் கசிவு அதிகம். இதையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும்.

வெட்கம் இருக்கிறதே, அது பேதி மருந்தைவிடக் கசப்பு. அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியாளர் கேட்டி கூரிக், 42 வயதுக் கணவரை 1998இல் இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர், 2000இல் தனக்கு நடந்த கொலனோஸ்கோப்பியைக் காலை நிகழ்ச்சியிலேயே காட்டினார். அதன் பிறகு அங்கே அந்தப் பரிசோதனை செய்துகொள்கிறவர்கள் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்கு கூடியது என்று ஆய்வே வந்தது. நாம் அந்த அளவுக்குப் போக வேண்டாம். உங்கள் பத்திரிகையில் வாரம் ஒருநாள் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் கேள்வி பதில் போடுகிறீர்கள், அதே இடத்தில் மலத்தில் ரத்தம் போகிறது, என்ன செய்வது என்ற கேள்வியையும் கூசாமல் போடுங்கள். அனுப்ப ஆள் இருக்கிறார்கள், பெயர் போடாமல் இருந்தால் போதும்.

குடலோடு நிற்கும்போது கண்டுபிடித்தால் 100க்கு 90 பேர் போல 5 வருடம் தாண்டுகிறார்கள், கல்லீரல், நுரையீரல் என்று பரவிய பிறகு என்றால் 15 பேர் போல. 2022இல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 9 லட்சம் பேர் இதில் இறந்தார்கள், புற்றுநோய் மரணங்களில் நுரையீரலுக்கு அடுத்தது இதுதான்.

ஏற்கெனவே கொலனோஸ்கோப்பி செய்துகொண்டவர்களுக்கும் ஒரு வார்த்தை, ஏனென்றால் நார்மல் என்ற சொல்லோடு வீட்டுக்குப் போய் ரிப்போர்ட்டைத் தொலைத்துவிடுகிறவர்கள் நிறைய. குடல் சுத்தமாக இருந்ததா, குழாய் கடைசி வரை போனதா, எத்தனை பாலிப், என்ன அளவு, பயாப்ஸியில் என்ன வகை என்று ரிப்போர்ட்டில் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றுமே இல்லை, குடலும் சுத்தம் என்றால் சாதாரண ஆபத்து உள்ளவருக்கு அடுத்தது 10 வருடம் கழித்து. 10 மில்லிமீட்டருக்குக் குறைவான சாதாரண அடினோமா ஒன்றிரண்டு என்றால் 7 முதல் 10 வருடம். 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ஒன்று இருந்தால், அல்லது ஐந்து முதல் பத்து வரை இருந்தால், 3 வருடத்தில் திரும்ப வர வேண்டும். 75 வயது தாண்டியவர்கள் தொடர்வதா நிறுத்துவதா என்பதை அவரவர் உடல்நிலையைப் பார்த்து டாக்டரோடு பேசி முடிவு செய்யலாம். அடுத்த தேதியை மட்டும் எழுதி வாங்காமல் அந்த அறையைவிட்டு வராதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எண்டோஸ்கோப்பி செவிலியர்